ஸ்ட்ரெச்சர் தள்ளுவதில் இத்தனை இருக்கிறதா?

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் டாக்டரைப் புகழ்வோம், நர்ஸைப் புகழ்வோம். வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கும், ஆபரேஷன் தியேட்டருக்கும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனவரின் முகம்கூட நமக்கு ஞாபகம் இருப்பதில்லை. "தள்ளுவதில் என்ன பிரமாதம்?" என்றுதான் நினைப்பு. பல வருஷங்களாக இந்த வேலை பார்க்கும் அம்மாள் ஒருவரிடம் பேசியபோது, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் நமக்கும் உதவுகிற விஷயங்கள் நிறையக் கிடைத்தன.

முதல் வேலை பெயர் கேட்பது. "நீங்க சரஸ்வதிதானேன்னு கேக்கக் கூடாதும்மா. மயக்கத்துல இருக்கறவங்க எதுக்கும் தலையாட்டிடுவாங்க. உங்க பேரு என்னன்னு கேக்கணும். கையில கட்டின பட்டையையும் பாக்கணும்" என்றார். ஆள் மாறினால் சிகிச்சையே மாறிவிடுமே!

கட்டிலிலிருந்து மாற்றும்போது, சக்கரங்களுக்குப் பிரேக் போட்ட பிறகுதான் நோயாளியைத் தொட வேண்டும். கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்குவது ஆபத்து. அடியில் உள்ள விரிப்போடு நாலு பேர் சேர்ந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒரே சமயத்தில் நகர்த்த வேண்டும். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கினால் நம் முதுகு தப்பும்.

நோயாளியின் கால் முன்னால் போக வேண்டும். தலை தள்ளுகிறவர் பக்கம். அப்போதுதான் முகம் வெளுத்தாலும், மூச்சுத் திணறினாலும் உடனே கண்ணில் படும்.

உறவினர்கள் அவசரத்தில் மூத்திரப் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுகிறார்கள். மூத்திரம் திரும்ப உள்ளே போய்க் கிருமி தொற்றலாம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும்; தரையிலும் படக் கூடாது. டிரிப் பாட்டிலோ உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் குழாயில் ரத்தம் ஏறும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை வாசலில் இன்னும் ஜாக்கிரதை. அந்தக் காந்தம், ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போனார். காந்தம் இழுத்துக்கொண்டதில் அவர் உயிரே போயிற்று. அங்கே உள்ளவர்கள் சொல்லாமல் எதையும் எடுத்துக்கொண்டு நுழையாதீர்கள்.

நிறைமாத கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவைத்து நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது. கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி ரத்த அழுத்தம் இறங்கும். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பதே நல்லது.

வீட்டில் பக்கவாதம் வந்த மாமனாரோ மாமியாரோ இருந்தால், செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். சக்கர நாற்காலியை நல்ல கை உள்ள பக்கம் போட்டு, பிரேக்கை மாட்டி, கால்மிதியை மடக்கிய பிறகே எழுப்புங்கள். சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்புறமாக இறக்குங்கள். முன்புறமாக இறக்கினால் ஆள் சரிந்து விழக்கூடும்.

கடைசியாக அந்த அம்மாள் சொன்னதுதான் மனசில் தைத்தது. "துணி விலகியிருந்தா போர்த்தி விட்டுட்டுத்தான் தள்ளுவேன். படுத்திருக்கறவங்களுக்கும் மானம் இருக்கு இல்லையா? பயந்து போயிருப்பாங்க. இப்ப லிஃப்டு வருது, இப்ப ஒரு மேடு வருதுன்னு சொல்லிக்கிட்டே போவேன்."

தள்ளுவதற்குக் கை நீட்டுகிறவர்களும் சில இடங்களில் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் நாம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை "ஏய், இங்கே வா" என்று அதட்டாமல், "வாங்கம்மா", "அண்ணே" என்று கூப்பிட நமக்கு என்ன செலவு? நம் வீட்டு உயிர் அந்தச் சில நிமிஷங்கள் அவர் கையில்தான் இருக்கிறது.