நாற்காலி யாருக்கு, சாவி யாரிடம்?

திமுக எப்படி வளர்ந்தது, எப்படி ஆட்சியைப் பிடித்தது என்று அறுபதுகளின் இறுதியில் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண். பெயர் மார்கரீட் ராஸ் பார்னெட். திராவிடர் என்ற அடையாளம் அரசியல் களத்தில் எவ்வாறு தமிழர் என்ற அடையாளமாக உருமாறியது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த ஆய்வுக்கு 1972இல் சிகாகோ பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தந்தது. 1976இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை நூலாக்கியது. திராவிட இயக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இன்றும் அந்த நூலைத் தொடாமல் போவதில்லை.

அவருடைய பிற்கால வாழ்க்கை இங்கே அதிகம் பேசப்படவில்லை. 1986இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் வளாகத்துக்கு அவர் தலைவரானார். 1990இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பு அவரிடம் வந்தது. அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தலைமையேற்று நடத்திய முதல் சில கறுப்பினப் பெண்களில் ஒருவர் அவர். இரண்டே ஆண்டில், 1992 பிப்ரவரியில், நோய் அவரைக் கொண்டுபோனது. வயது 49.

நம் ஊர்த் துணைவேந்தரை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவரைப் பார்த்தால் கணக்குத் தப்பும். அங்கே நியமிப்பவர் ஆளுநர் அல்ல, அறங்காவலர் குழு. தனியார் பல்கலைக்கழகங்களில் அந்தக் குழுவில் பெரும்பாலும் பணக்கார முன்னாள் மாணவர்கள், தொழிலதிபர்கள், வழக்கறிஞர்கள். தலைவரின் வேலையில் பெரும்பகுதி நன்கொடை திரட்டுவது. குழுவும் நன்கொடையாளர்களும் கை கொடுக்கிற வரைதான் பதவி. அவர்கள் கையை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய அறிஞரும் சில வாரங்களிலேயே வெளியே வந்துவிடுவார்.

அந்தப் பதவிக்குப் போகும் ஏணியும் நீளம். பேராசிரியர், துறைத் தலைவர், டீன், கல்விப் பணிகளுக்கெல்லாம் பொறுப்பான புரோவோஸ்ட், அதன் பிறகுதான் தலைவர். அமெரிக்காவில் முழுப் பேராசிரியர்களில் கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழ 2 சதவீதம். ஏணியின் முதல் படியிலேயே இவ்வளவு பேர்தான் நிற்கிறார்கள் என்றால் உச்சியில் எத்தனை பேர் இருப்பார்கள்? எல்லா இனத்தவரையும் சேர்த்தே கல்லூரி, பல்கலைக்கழகத் தலைவர்களில் மூன்றில் ஒருவர்தான் பெண்.

படியில் நிற்பவர்கள் மேலே ஏறாததற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல, வேலைப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம். எந்தக் குழு அமைத்தாலும் அதில் ஒரு கறுப்பினத்தவர் வேண்டும், ஒரு பெண்ணும் வேண்டும். இரண்டு கணக்குக்கும் ஒரே ஆளைப் போட்டுவிடுவார்கள். கறுப்பின மாணவர்கள் மனக்குறையோடு தேடிப் போவதும் அதே ஆசிரியையைத்தான். இவை எல்லாம் முடிந்த பிறகு ஆய்வுக்கு நேரம் எங்கே மிஞ்சும்? ஆனால் பதவி உயர்வுக்கு எண்ணப்படுவது ஆய்வுக் கட்டுரைதான். பலர் ஆசிரியப் பாதையை விட்டு மாணவர் நலன், பன்மைத்துவ அலுவலகங்கள் வழியாக நிர்வாகத்துக்குள் வந்தார்கள். அந்த அலுவலகங்களை அரசுப் பல்கலைக்கழகங்களில் மூடச் சொல்லும் சட்டம் டெக்சாஸில் 2024 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. அந்தப் பக்கவாட்டு வழியும் இப்போது குறுகிவிட்டது.

உண்மையில் கறுப்பினப் பெண்களின் கல்வித் தலைமை ஹார்வர்டு போன்ற இடங்களில் தொடங்கவே இல்லை, கறுப்பினத்தவருக்கான கல்விக்கூடங்களில்தான் தொடங்கியது. மேரி மெக்லியோட் பெத்யூன் 1904இல் புளோரிடாவின் டேடோனாவில் ஒன்றரை டாலரையும் ஐந்து சிறுமிகளையும் வைத்துப் பள்ளி தொடங்கினார். சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் விற்றுக் காசு சேர்த்தார். அது கல்லூரியாகி, பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகமாக இன்றும் நடக்கிறது. வட கரோலினாவின் பென்னட் கல்லூரிக்கு வில்லா பிளேயர் 1950களின் நடுவில் தலைவரானார். 1958இல் மார்ட்டின் லூதர் கிங் பேசுவதற்கு கிரீன்ஸ்பரோ நகரில் இடம் கொடுக்க மற்றவர்கள் தயங்கியபோது தன் கல்லூரியைத் திறந்துவிட்டவர் அவர். பின்னாளில் மாணவிகள் போராடிச் சிறைக்குப் போனபோது அங்கேயே போய் அவர்களைப் பார்த்தார்.

இதனால் கறுப்பினக் கல்லூரிகளில் பெண்களுக்கு வழி தாராளமாகத் திறந்திருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி கறுப்பினப் பெண்களுக்காகவே 1881இல் தொடங்கப்பட்டது. முதலில் வெள்ளைப் பெண்கள் நடத்தினார்கள், பிறகு கறுப்பின ஆண் ஒருவர் தலைவரானார். 1976இல் இன்னொரு ஆணையே தேர்ந்தெடுத்தபோது மாணவிகளின் பொறுமை போய்விட்டது. கூட்ட அறையிலேயே அறங்காவலர்களை ஒரு நாளுக்கும் மேலாகப் பூட்டி வைத்தார்கள். முடிவு மாறவில்லை. ஸ்பெல்மனுக்கு முதல் கறுப்பினப் பெண் தலைவராக மானுடவியல் அறிஞர் ஜொனெட்டா கோல் வந்தது 1987இல், கல்லூரி தொடங்கி 106 ஆண்டுகளுக்குப் பிறகு. இனத்துக்கான உரிமைப் போராட்டம் பெண்ணுக்கான இடத்தைத் தானாகவே வாங்கித் தந்துவிடாது என்பதைத் திராவிட இயக்கத்தைப் படித்த பார்னெட்டுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

‘முதல் கறுப்பினப் பெண்’ என்று தலைப்புப் போடுவதில் பத்திரிகைகளுக்குத் தனி ஆர்வம். என் கணக்கில் அதைவிட முக்கியம், வந்தவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார், அவரை என்ன செய்ய விட்டார்கள் என்பது. இயற்பியலாளர் ஷெர்லி ஆன் ஜாக்சன் நியூயார்க் மாநிலத்தின் ரென்சலியர் தொழில்நுட்ப நிறுவனத்தை 1999 முதல் 2022 வரை நடத்தினார். அவருடைய நிர்வாக முறையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் ஆசிரியர்களிடையே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அறங்காவலர்கள் அவர் பக்கம் நின்றார்கள், அவர் நீடித்தார்.

ஹார்வர்டில் நடந்தது நேர் எதிர். ஹெய்ட்டியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளான கிளாடின் கே 2023 ஜூலையில் தலைவரானார். டிசம்பரில் யூத எதிர்ப்பு குறித்த நாடாளுமன்றக் குழு விசாரணையில் அவர் தந்த பதில்கள் பெரும் கண்டனத்துக்கு ஆளாயின. அடுத்து அவருடைய பழைய ஆய்வுகளில் மேற்கோள் குறிகள் விடுபட்டிருப்பதாகப் புகார் கிளம்பியது. 2024 ஜனவரி 2 அன்று விலகினார். ஹார்வர்டின் வரலாற்றில் இவ்வளவு குறுகிய காலம் பதவியில் இருந்த தலைவர் வேறு எவரும் இல்லை. மேற்கோள் குறைகளை இல்லை என்று சொல்ல முடியாது, சிலவற்றை அவரே திருத்தினார். அதே விசாரணையில் அமர்ந்திருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வெள்ளையினத் தலைவர் லிஸ் மகிலும் பதவி இழந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒருவரை இறக்கத் தீர்மானித்த பிறகு அவருடைய வாழ்நாள் எழுத்தை வரி வரியாகத் துழாவும் வேகம் எல்லாத் தலைவர்கள் மீதும் பாய்ந்து நான் பார்த்ததில்லை.

இந்த வரலாறு முழுவதையும் ஒருவர் வாழ்க்கையிலேயே பார்க்க வேண்டுமென்றால் ரூத் சிமன்ஸைத்தான் பார்க்க வேண்டும். டெக்சாஸில் குத்தகை விவசாயிக் குடும்பத்தில் 1945இல் பிறந்தார், பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, 1995இல் ஸ்மித் பெண்கள் கல்லூரியின் தலைவராகி, அங்கே பொறியியல் படிப்பைத் தொடங்கிவைத்தார். 2001இல் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஐவி லீக் எனப்படும் எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. வந்த இரண்டாவது ஆண்டிலேயே, அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் இருந்த தொடர்பை ஆராயக் குழு அமைத்தார். அதன் அறிக்கை 2006இல் வெளியானது. பல்கலைக்கழகத்தின் பெயருக்குரிய குடும்பமே அந்த வணிகத்தில் கை நனைத்திருந்தது அதில் பதிவானது. பல கல்வி நிறுவனங்கள் பிற்பாடு தங்கள் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தது இந்த முன்மாதிரியால்தான். பதினொரு ஆண்டு அவகாசமும் அறங்காவலர்களின் ஆதரவும் இருந்ததால் இது நடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு 2017இல் சொந்த மாநிலத்தின் பிரெய்ரி வியூ கறுப்பினப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. முன்பு அடிமைகள் உழைத்த பண்ணை நிலத்தில் எழுந்த வளாகம் அது. 2020இல் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் தந்த 5 கோடி டாலர் நன்கொடை அங்கே வந்து சேர்ந்தது. 2023 நடுவில் பொறுப்பை ஒப்படைப்பதாக சிமன்ஸ் அறிவித்திருந்தார். இடைப்பட்ட மாதங்களில் அவருடைய அதிகாரங்கள் குறைக்கப்படும் என்று பிரெய்ரி வியூ அடங்கிய டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத் தொகுப்பின் மேலிடம் தெரிவித்தது. பெயருக்கு மட்டும் தலைவராக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, பிப்ரவரி இறுதியிலேயே அவர் வெளியேறினார்.