தலைப்பை நம்பினால்...!

பத்திரிகை வாசிப்பவர்களில் ஒரு வகையார் உண்டு. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைப்பார்கள். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, உலக விவகாரம் முழுவதற்கும் வியாக்கியானம் செய்வார்கள். இவர்களிடம் நமக்குக் கோபம் இல்லை. ஆனால், பழைய பத்திரிகைகளின் பிரசித்தி பெற்ற தலைப்புகள் சிலவற்றை இவர்கள் முறைப்படியே, கீழே உள்ள வரிகளைப் பாராமல் நம்பிவிட்டால் என்ன ஆகும்? அதன் பலன் நமது அஸ்தம்பட்டியில் எப்படி நடந்தேறியிருக்கும் என்று சற்றுக் கற்பனை செய்து பார்ப்போம்.

முதலில் லண்டன் 'டைம்ஸ்'. 1919-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி, "விஞ்ஞானத்தில் புரட்சி" என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே "நியூட்டனின் கொள்கைகள் கவிழ்ந்தன" என்றும் அது அச்சிட்டது. நியூட்டன் கவிழ்ந்தார் என்றால், அவர் சொன்ன ஆகர்ஷண சக்தியும் அன்று காலையோடு ரத்தாகியிருக்க வேண்டும் அல்லவா? அஸ்தம்பட்டித் தோட்டங்களில் மல்கோவா மாம்பழம் காம்பு கழன்ற பிறகும் கீழே வராமல் அந்தரத்தில் நின்றிருக்கும். நவம்பர் மாதத்தில் மாம்பழம் ஏது என்று கேட்க வேண்டாம். நியூட்டனே கவிழ்ந்த பிறகு பருவம் மட்டும் நிலைத்து நிற்குமா? பையன்கள் பழத்தின் மீது கல்லெறிவார்கள். போன கல்லும் திரும்பாது. ஏற்காட்டுக்குப் போனவர்கள் இறங்கி வர வழியில்லாமல் மலைமேலேயே குடித்தனம் வைத்திருப்பார்கள். எதை வைத்தாலும் தராசுத் தட்டு இரண்டும் சமமாக நிற்கக் கண்டு மளிகைக் கடைக்காரர் பரமானந்தம் அடைந்திருப்பார்.

நடந்தது இவ்வளவுதான். அவ்வருஷம் மே 29-ஆம் தேதி சூரிய கிரகணத்தின்போது ஆங்கிலேய வான சாஸ்திரிகள் படம் பிடித்தார்கள். சூரியன் அருகே வரும் நட்சத்திர ஒளி, நியூட்டன் முறையில் கணக்கிட்டதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வளைந்திருந்தது. ஐன்ஸ்டீன் சொன்ன கணக்கு அதுவே. விஞ்ஞானத்துக்கு அது பெரிய விஷயந்தான். ஆயினும் மரத்திலிருந்து விழும் பழத்துக்கு நியூட்டன் கணக்கே இன்றும் போதுமானது. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் பரீட்சை தப்பவில்லை.

அடுத்தது வால் நட்சத்திரம். 1910-ஆம் வருஷம் மே மாதம் ஹாலியின் வால் நட்சத்திரம் வந்தபோது, அதன் வாலினூடே பூமி செல்லும் என்று தெரியவந்தது. அந்த வாலில் சயனோஜன் என்ற விஷ வாயு இருப்பதை வான சாஸ்திரிகள் முன்னரே கண்டிருந்தனர். அது பூமியின் காற்றில் கலந்து உயிர்களையெல்லாம் மாய்த்துவிடக்கூடும் என்று பிரெஞ்சு வான சாஸ்திரி பிளமாரியன் கருதுவதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அத்தேசத்தில் வால் நட்சத்திர மாத்திரை என்று ஒன்றை விற்றுச் சிலர் காசு பண்ணினார்கள். உலகம் அழிந்த பிறகு அந்தக் காசை எங்கே செலவழிக்க உத்தேசித்தார்கள் என்பதை அவர்கள் சொல்லவில்லை!

இச்செய்தி அப்படியே அஸ்தம்பட்டிக்கு வந்திருந்தால்? கடன் வாங்கியவர்கள் எல்லோரும், "மே 20-ஆம் தேதி வட்டியும் முதலுமாகக் கட்டாயம் தந்துவிடுகிறோம்" என்று சத்தியம் செய்திருப்பார்கள். கடன் கொடுத்தவரோ 17-ஆம் தேதியே வாசலில் வந்து நின்றிருப்பார். வீட்டு அம்மாளுக்குத்தான் தர்மசங்கடம்! மே மாதம் ஊறுகாய் போடும் காலம். உலகமே முடியப் போகிறதென்றால் நூறு மாங்காய் நறுக்குவானேன்? அவர் யோசித்துப் பார்த்து, "உலகம் அழியாமல் போய்விட்டால் தொட்டுக்கொள்ள என்ன செய்வது?" என்று அரிவாள்மணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு உலகத்தில் உதித்த யோசனைகளில் அதுவே சிறந்தது என்பது நமது அபிப்பிராயம். வால் மிகமிக மெல்லியது. பூமி அதைக் கடந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை.

இவை அயல்நாட்டுச் சமாசாரங்கள். நமது சேலம் ஜில்லாவை நாடே திரும்பிப் பார்த்த செய்தி ஒன்று உண்டு. 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக இங்கேதான் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. சேலம் நகரசபைத் தலைவராக இருந்த ராஜாஜி அப்போது மாகாணப் பிரதம மந்திரி. "சேலத்தில் மதுவிலக்கு" என்ற இரண்டே சொற்களைப் படித்தவர்கள், அன்று பொழுது விடியும்போதே ஜில்லா முழுவதும் மோர்ப்பந்தலாக மாறியிருக்கும் என்று எண்ணியிருக்கலாம்.

ஆனால் தலைப்பில் பூகோளம் இல்லை. காவிரிக்கு இக்கரையில் குமாரபாளையம், அன்று சேலம் ஜில்லா. அக்கரையில் பவானி, அன்று கோயமுத்தூர் ஜில்லா. சட்டம் ஆற்றோடு நின்றுவிட்டது. ஆகையால், அதுவரை கோயில் வாசலையே மிதிக்காத அஸ்தம்பட்டிவாசி ஒருவருக்குத் திடீரென்று பக்தி மேலிட்டு, சனிக்கிழமை தோறும் பவானி கூடுதுறையில் ஸ்நானம் செய்யப் புறப்பட்டிருப்பார் என்று ஊகிக்கலாம். போகும்போது நேராக இருக்கும் பாலம், வரும்போது மட்டும் அவருக்குக் கோணலாகத் தோன்றியிருக்கும்!

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தலைப்பு பொய்யல்ல. ஆனால் அதில் அடங்காதவை பல. மாலையில் கள்ளுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த கூலி வீட்டுக்கு வந்ததும், மரமேறிப் பிழைத்தவர்களின் தொழில் நின்றதும், கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரிச் சட்டம் வந்ததும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்குமா? குடிக்காதவரும் கடையில் வரி கொடுத்தார். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் தலைப்பை வைத்தே வாதாடியிருந்தால், இவற்றில் ஒன்றைப் பற்றியும் பேசியிருக்க மாட்டார்கள்.

அவசரத்தில் பிறந்த தலைப்புகளும் உண்டு. 1948-ஆம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், "ட்ரூமனை டூயி தோற்கடித்தார்" என்று 'சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்' அச்சிட்டுவிட்டது. அச்சுக்கோப்பவர்களின் வேலைநிறுத்தத்தால் பத்திரிகையை முன்னதாகவே முடிக்க வேண்டியிருந்தது. வோட்டு எண்ணி முடியும் வரை காத்திருக்கவில்லை. முடிவில் தேர்வாளர் வோட்டுகளில் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189. ட்ரூமன் அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த படத்தை நேயர்கள் பார்த்திருக்கலாம். அஸ்தம்பட்டியில் இப்படி நேர்ந்திருந்தால், தோற்றவர் கழுத்தில் மாலை விழுந்து, வாணவேடிக்கையும் முடிந்திருக்கும். பூக்கடைக்காரர் யாரிடம் பணம் கேட்பார்? வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும்!

ஆனால் எல்லாத் தலைப்பும் சிரித்து முடிவதில்லை. 1912-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 'டைட்டானிக்' கப்பல் பனிப்பாறையில் மோதியது. 15-ஆம் தேதி விடியுமுன் மூழ்கிவிட்டது. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். அன்று மாலையில் வந்த சில பத்திரிகைகளோ, பிரயாணிகள் அனைவரும் பிழைத்ததாகவும், கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்து வருவதாகவும் தலைப்பிட்டன. அரைகுறையாக வந்த கம்பியில்லாத் தந்திகளைக் கேட்டு, ஜனங்கள் விரும்பியதையே அச்சிட்டார்கள். நியூயார்க்கில் கணவனுக்காகக் காத்திருந்த ஒரு பெண், அன்று மாலை அந்தத் தலைப்பை எத்தனை தடவை படித்திருப்பாள்! மறுநாள் வந்த பத்திரிகையை அவள் கையில் யார் கொடுத்திருப்பார்கள்? இந்த இடத்தில் நமது கற்பனை ஓட மறுக்கிறது.

அந்நாளில் ஒரு தப்பான தலைப்பு அஸ்தம்பட்டி வரை வர அச்சு, ரயில், தபால் எல்லாம் வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் தலைப்பு மட்டும் தனியே வருகிறது. கீழே வரிகளே இருப்பதில்லை. படித்த கையோடு பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். ஆகையால் வீட்டில் படிக்கும் குழந்தைகளுக்குச் சிறு பழக்கம் ஒன்றைச் செய்து வைக்கலாம். தலைப்பைப் படித்ததும் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இதில் சொல்லாமல் விட்டது என்ன? விடை கிடைக்கும் வரை அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் இருக்கட்டும். அதற்குள் ஊறுகாய் கெட்டுவிடாது.