விடிய விடியப் பாடும் தொண்டை

காலை ஆறு மணி. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்காக இளைஞர்கள் நிற்கும் நேரம். திரௌபதி அம்மன் திருவிழா நடக்கிற ஊராக இருந்தால், அதே நேரத்தில் கோயில் திடலில் கர்ணன் தன் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பான். முந்தின நாள் ராத்திரி திறந்த தொண்டை அது. இன்னும் மூடவில்லை!

அப்படிப் பாடியே வாழ்க்கையை ஓட்டியவர் பெ.ராஜகோபால். 1953-ல் பிறந்தவர். காஞ்சிபுரத்தை அடுத்த பெருங்கட்டூர் பொன்னுசாமி வாத்தியாரின் மகன். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் கூத்தில் சேர்ந்தார். நடிகர், பாடகர், வாத்தியார், நாடக ஆசிரியர் என எல்லாமாகவும் ஆனார்.

லண்டனில் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' என்ற இசை நாடகம் 1986-ல் அரங்கேறியது. அதுபோன்ற நாடகங்களில் பாடும் நடிகருக்கு உடையிலோ தலைமுடியிலோ மறைத்துவைத்த மைக் உண்டு. இரண்டரை மணி நேரத்தில் திரை விழுந்துவிடும். நம்ம ஊர் கட்டைக்கூத்தில் ஏழெட்டு மணி நேரம். இப்போது மைக் தொங்கவிடுகிறார்கள் என்றாலும், இந்தக் கலை மைக் இல்லாத காலத்துத் தொண்டையை நம்பி உருவானது. முகவீணையின் கூர்மையான சத்தத்தைத் தாண்டிக் கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பாட்டியின் காது வரை பாட்டு போக வேண்டும். அதனால்தான் அவ்வளவு உச்ச ஸ்தாயி.

தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் கண்ணாடி பதித்த மரக்கட்டை. கட்டைக்கூத்து என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 'தெருக்கூத்து' என்று சொல்பவர்களும் உண்டு. ராஜகோபால் 'கட்டைக்கூத்து' என்ற பெயரிலேயே உறுதியாக நின்றவர். இத்தனையையும் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஆடியபடியே பாட வேண்டும். மூச்சு எங்கே வாங்குவது? நடிகர் ஒரு அடி பாடியதும் பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் மூச்சு. பிறகு வசனம். அதில் பாதி அந்த நேரத்தில் வாயில் வருவது. ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்களா, தூங்குகிறார்களா என்று பார்த்து நீட்டவும் சுருக்கவும் தெரிய வேண்டும்.

1990-ல் சக கலைஞர்களைச் சேர்த்து 'கட்டைக்கூத்து சங்கம்' தொடங்கினார் ராஜகோபால். நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்து, பிறகு அவரது வாழ்க்கைத் துணையான ஹன்னே டி ப்ரூயின் உடன் நின்றார். 2002-ல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் ஆரம்பித்தார்கள். அங்கே கூத்தும் உண்டு, படிப்பும் உண்டு. பத்து வயதில் பள்ளியை விட்டவர் கட்டிய பள்ளி அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பெண் வேஷத்தைக்கூட ஆண்களே கட்டிவந்த கலையில், அங்கே பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். 2017-ல் 'கர்நாடிக் கட்டைக்கூத்து' நிகழ்ச்சியில் டி.எம்.கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோருடன் கூத்துக் கலைஞர்கள் ஒரே மேடையில் பாடினார்கள். சபா ரசிகர்களில் பலருக்கு அது புது அனுபவமாக இருந்திருக்கும்.

குருகுலம் 2020-ல் மூடப்பட்டது.

இன்றைக்கு ஒரு பதினெட்டு வயதுப் பையனின் கணக்கு எளிமையானது. கூத்தில் ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் சீசனில் மட்டும். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கான்ட்ராக்ட் வேலை என்றாலும் மாதம் பிறந்தால் சம்பளம், கேன்டீன் சாப்பாடு, வீட்டுப் பக்கத்திலேயே பஸ். பெண் கேட்டுப் போகும்போதும் அந்த ஐடி கார்டுக்குத்தான் மரியாதை. அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பதினெட்டு நாள் யுத்தத்தையும் பாட்டாக மனசில் ஏற்றிக்கொள்ளப் பல வருஷம் பிடிக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்து கற்றுக்கொள்கிற விஷயமா அது?

பங்குனி பிறந்தால் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துச் சுவர்களில் பாரதக்கூத்து நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் படுத்திருக்க, வெயில் ஏறிய பிறகும் பீமனும் துரியோதனனும் மோதுவார்கள். டிக்கெட் கிடையாது. ஒரு பாயும், பனிக்குப் போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் எடுத்துப் போனால் போதும்.