சோதனை அறிக்கையும் சாப்பாட்டுத் தட்டும்

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயார் எங்கள் ஒவ்வாமைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். அவர் கையில் மூன்று பக்க இரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்று இருந்தது. (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.) பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு, தக்காளி, கத்தரிக்காய், நிலக்கடலை எனப் பதினான்கு உணவுகள் அதில் சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தன. ஏழு மாதங்களாக அவற்றில் ஒன்றுகூட அவன் தட்டில் விழவில்லை. சோறு, தக்காளி இல்லாத ரசம், வேகவைத்த சில காய்கள் ஆகியவையே அவனுடைய உணவு. எடை இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது.

அறிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, "அன்று என்ன நடந்தது, அம்மா?" என்று கேட்டோம்.

உறவினர் திருமணம். சப்பாத்தியும் குருமாவும் உண்ட பத்து நிமிடங்களில் சிறுவனின் உதடு வீங்கியது; உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன; இருமுறை வாந்தி எடுத்தான். அருகிலிருந்த மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகே தேறினான். வீட்டுப் பெரியவர்கள் பழியைக் கத்தரிக்காய்க் கூட்டின் மீது போட்டார்கள். நம் வீடுகளில் அரிப்பு என்றாலே முதலில் மாட்டிக்கொள்வது கத்தரிக்காய்தான். ஆனால் அதையும் பாலையும் முட்டையையும் கடலைச் சட்னியையும் அவன் பல ஆண்டுகள் தொல்லையின்றி உண்டு வந்தவன். குருமாவில் அரைத்து விட்ட முந்திரி யாருடைய நினைவுக்கும் வரவில்லை. நாங்கள் கேட்ட பிறகுதான் தாயாருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பு ஒருமுறை பாயசம் உண்டபோது வாய் அரிப்பதாக அவன் சொன்னானாம். அடம்பிடிக்கிறான் என்று எண்ணி விட்டுவிட்டார்களாம்.

அறிக்கையிலும் முந்திரி இருந்தது. பதினோராவது வரியில், 'லேசானது' என்ற குறிப்போடு!

இந்த இரத்தப் பரிசோதனை 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளை அளக்கிறது. 1966-இல் இஷிசாகா தம்பதியர் அதனைக் கண்டறிந்து அறிவித்தனர். ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இரத்தத்தில் இருந்தால், உடல் அவ்வுணவை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று பொருள். உண்டால் ஒவ்வாமை வரும் என்பது அதற்குப் பொருளன்று. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கில் ஒருவருக்கு மேல் ஏதேனும் ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தது; உணவு ஒவ்வாமை இருக்கலாம் எனக் கருதத்தக்கவர்களோ நூற்றுக்கு ஒருவர் அளவே. அந்த எண் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்லாது. 'லேசானது' என்ற குறிப்பை நம்பி முந்திரியைக் கொடுத்திருந்தால்? 'ஐஜிஜி' சோதனை என்று விற்கப்படுவது இன்னும் மோசம். அந்த உணவை நீங்கள் உண்டு வந்திருக்கிறீர்கள் என்பதற்கு மேல் அது எதையும் காட்டுவதில்லை.

சிறுவனுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்தோம். முன்கையில் துளித்துளியாகச் சாற்றை வைத்து, மேல்தோலை மட்டும் மெல்லக் கீறி, பதினைந்து நிமிடங்கள் கழித்துத் தடிப்பை அளப்போம். (செட்ரிசின் போன்ற மாத்திரைகளை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையெனில் தடிப்பு எழாது, வந்த பயணம் வீண்.) முந்திரிக்கு 9 மில்லிமீட்டர் தடிப்பு எழுந்தது. பருப்பு, தக்காளி, கத்தரிக்காய் எதற்கும் தடிப்பில்லை. அவற்றை அன்றே தொடங்கச் சொன்னோம்.

பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை நான்கையும் மருத்துவமனையில் எங்கள் கண்முன் உண்ண வைத்தோம். ஐஜிஇ உள்ள ஓர் உணவைப் பல மாதங்கள் விலக்கி வைத்தால், முன்பு தாங்கிய உடலே தாங்காமற் போகக்கூடும். தேவையற்ற பத்தியத்தால் வரும் இந்தக் கேடு பலருக்கும் தெரிவதில்லை. ஊசிமருந்து பக்கத்தில் தயாராக இருக்க, கால் தேக்கரண்டியில் தொடங்கி, அரை மணிக்கொரு முறை அளவைக் கூட்டினோம். ஒவ்வோர் உணவுக்கும் ஒரு நாள். நான்காம் நாள், நான்கும் ஒத்துக்கொண்டன என்றதும், "அப்ப கடலை மிட்டாய்?" என்றான். தாயார் சற்று நேரம் பேசவில்லை.

முந்திரி மட்டும் நின்றது. அதன் நெருங்கிய உறவான பிஸ்தாவும் அதனோடு. பொட்டலங்களில் விற்கும் உணவில் கொட்டைப் பருப்புகள் இருந்தால் உறையில் குறிக்க வேண்டும் என்பது விதி. பந்திக்கும் இனிப்புக் கடைத் தட்டுக்கும் உறை ஏது? ஆகவே அட்ரினலின் ஊசி குடும்பத்தின் கையில் எப்போதும் இருக்க வேண்டும். தானாகச் செலுத்தும் பேனா வகை நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே மருந்துக் குப்பியிலிருந்து அவன் எடைக்குரிய அளவை எடுத்து, தொடையின் வெளிப்புறத் தசையில் போடப் பெற்றோர் இருவருக்கும் பயிற்சி அளித்தோம். மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம், தடிப்போடு தொடர் வாந்தி ஆகியவற்றில் எது கண்டாலும் முதலில் அட்ரினலின், உடனே 108. செட்ரிசின் அரிப்பைத் தணிக்கும், உயிரைக் காக்காது. பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், நடக்க விடாதீர்கள்.

சென்ற மாதம் அந்தத் தாயார் தொலைபேசியில் அழைத்தார். இன்னொரு திருமணம். குருமாவுக்குத் தேங்காயும் கசகசாவும் மட்டுமே அரைப்பதாகச் சமையற்காரர் சொல்லியிருக்கிறாராம். கேசரிக்கும் குருமாவுக்கும் ஒரே கரண்டி போகாது என்று அவரால் உறுதி சொல்ல முடியுமா என்று கேட்டோம். முடியாது என்றார். வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு, ஊசியையும் எடுத்துக்கொண்டு, திருமணத்துக்குப் போய் வரச் சொன்னோம்.