கட்டடங்களில் வடங்களும் அவற்றின் தெரிவும்

ஒரு கட்டடத்தை எழுப்புவோர் அதன் அத்திவாரத்தையும் சுவரையும் கூரையையும் பலமுறை ஆராய்ந்தே முடிவுசெய்வர். ஆயின், அச்சுவர்களினுள்ளும் உட்கூரையின் மேலும் மறைந்து செல்லும் வடங்களைப் பற்றி அத்துணைச் சிந்தனை செலுத்துவோர் சிலரே. கணினி வலையமைப்பு, தொலைபேசி, காவற் கமரா, தீ எச்சரிக்கை ஆகிய யாவும் இவ்வடங்களையே பற்றி நிற்கின்றன. கணினியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடலாம். சுவரினுள் இட்ட வடமோ பல்லாண்டுகள் அங்கேயே கிடக்கும். ஆதலின், வடத்தைத் தெரிவுசெய்வார் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எவ்வளவு செய்தியை எவ்வளவு தூரம் அது கொண்டுசெல்லும் என்பது முதலாவது. எத்தகைய சூழலில் அது கிடக்கப்போகின்றது என்பது இரண்டாவது. தீப்பற்றிய வேளையில் அது யாது செய்யும் என்பது மூன்றாவது. முதல் வினாவை விற்போரும் வாங்குவோரும் தவறாது கேட்பர். பெரும்பாலுங் கேளாது விடப்படுவது மூன்றாவதே. உயிர்கள் தங்கியிருப்பதும் அதன்மேலேயே.

செம்பு வடத்தை முதலில் நோக்குவாம். வலையமைப்பு வடத்தினுள் எட்டுச் செப்புக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. புறத்தேயிருந்து வரும் மின்காந்தத் தூண்டல் ஒரு சோடியின் இரு கம்பிகளையும் ஏறக்குறையச் சமமாகத் தாக்கும்; ஏற்கும் கருவி அவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே கொள்வதால் அத்தாக்கம் கழிந்துபோகும். முறுக்குதலின் பயன் இதுவே. சோடிகள் ஒன்றையொன்று குழப்பாதிருத்தற்பொருட்டு ஒவ்வொன்றும் வெவ்வேறளவில் முறுக்கப்படும். இத்தகைய வடத்துக்கு 100 மீற்றரே எல்லை. '5இ' வகை விநாடிக்கு 100 கோடி பிற்றுகளை இத்தூரத்துக்குக் கொண்டுசெல்லும். 1,000 கோடி பிற்றுகள் வேண்டுமெனின், 6ஆம் வகை 55 மீற்றர் வரையிலும், '6ஏ' வகை 100 மீற்றர் முழுமைக்கும் உதவும்.

இவ்வடம் இன்று செய்தியோடு மின்வலுவையுங் காவுகின்றது. 2018ஆம் ஆண்டின் நியமப்படி ஒரு வடத்தினூடாக 90 வாற்று வரை அனுப்பலாம். ஆகவே, செம்பு பூசிய அலுமினியக் கம்பியாலான மலிவான வடங்களை விலக்குதல் வேண்டும். அலுமினியத்தின் தடைத்திறன் செம்பினுடையதிலும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. தடை மிகின் வெப்பமும் மிகும். பல வடங்கள் ஒரு கட்டாகக் கிடக்குமிடத்து அவ்வெப்பம் வெளியேறவும் மாட்டாது.

100 மீற்றருக்கு அப்பாற் செல்லவேண்டுமிடத்து ஒளியியல் நார் துணைபுரியும். முறிவுச்சுட்டி சற்று உயர்ந்த கண்ணாடி அகணியை, முறிவுச்சுட்டி குறைந்த கண்ணாடி சூழ்ந்திருத்தலின், உட்புகுந்த ஒளி முழு அகத்தெறிப்பினால் வெளியேறாது செல்லும். தூய கண்ணாடி நாரினூடே செய்தியை நெடுந்தூரம் அனுப்பலாமென 1966இல் சாள்ஸ் காவோ, ஜோர்ஜ் ஹொக்கம் என்போர் எடுத்துக்காட்டினர். காவோவுக்கு 2009இல் நோபெல் பரிசு கிடைத்தது. 50 மைக்குரோமீற்றர் அகணியுடைய பன்முக நார், விநாடிக்கு 1,000 கோடி பிற்றுகளைத் தரத்துக்கேற்ப 300 முதல் 400 மீற்றர் வரை கொண்டுசெல்லும். ஏறக்குறைய 9 மைக்குரோமீற்றர் அகணியுடைய ஒருமுக நாருக்குப் பல கிலோமீற்றரும் எளிது. இடிமின்னல் மிக்க இலங்கை போன்ற நாடுகளில் நாருக்குப் பிறிதொரு சிறப்புமுண்டு. கண்ணாடி மின்னைக் கடத்தாது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செப்பு வடம் இழுப்பின், மின்னல் தாக்கும்போது எழும் மின்னழுத்தம் அவ்வழியே சென்று இரு பக்கத்துக் கருவிகளையும் அழித்தல் கூடும். நார் வடத்தில் அவ்வச்சமில்லை. உலோகக் கவசமுள்ளதாயின் அக்கவசத்தை மட்டும் முறைப்படி புவித்தொடுப்புச் செய்தல் வேண்டும்.

இனி, மூன்றாம் வினாவுக்கு வருவாம். 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி நியூயோர்க் நகரத் தொலைபேசி நிலையமொன்றின் நிலக்கீழ் வட அறையில் தீ மூண்டது. பொலிவைனைல் குளோரைட்டு உறையிட்ட வடங்கள் எரிந்து பெரும் புகையைக் கக்கின. 170,000 அளவிலான தொலைபேசிகள் ஏறக்குறைய மூன்று கிழமை செயலிழந்தன. அப்பொருள் எரியுங்கால் ஐதரசன் குளோரைட்டு வாயு தோன்றும்; அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். அலசனற்ற, குறைந்த புகையுடைய உறைகள் மக்கள் கூடும் இடங்களுக்கு வேண்டப்படுவது இதனாலேயே. எனினும், புகை குறைவென்பதால் தீ பரவாதென்று கொள்ளலாகாது; அவை தனித்தனிச் சோதனைகள். அமெரிக்க விதிகள் மாடிகளூடே மேலெழும் வடத்துக்கு ஒரு தரமும், காற்றோட்டத்துக்குப் பயன்படும் உட்கூரை வெளியிற் கிடக்கும் வடத்துக்கு அதனினும் கடிய தரமும் வகுத்துள்ளன.

அதே ஆண்டு மார்ச்சு 22ஆந் திகதி அலபாமா மாநிலத்துப் பிறவுன்சு பெரி அணுமின் நிலையத்தில், வடங்கள் சுவரைத் துளைத்துச் செல்லுமிடத்திற் காற்றுக் கசிகின்றதா என்று பார்க்க ஒருவர் மெழுகுதிரியைப் பிடித்தார். துவாரத்தை அடைத்திருந்த நுரைப்பொருள் பற்றிக்கொண்டது. 1,600க்கு மேற்பட்ட வடங்கள் பழுதடைந்தன. உலையொன்றின் அவசரக் குளிரூட்டற் பொறிகள் பல செயலற்றன. வடம் நல்லதாயினும் அது செல்லும் துவாரம் தீத்தாங்கும் பொருளால் அடைக்கப்படாவிடின், சுவர் தீயைத் தடுக்கும் ஆற்றலை இழக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

தீ எச்சரிக்கை வடத்துக்கோ இன்னுமொரு பண்பு வேண்டும். தீயைப் பரப்பாமை வேறு. தீயினுள்ளும் தொழிற்படுதல் வேறு. முன்னையது எல்லா வடங்களுக்கும் உரியது. பின்னையது எச்சரிக்கை வடத்துக்கு இன்றியமையாதது. மணி ஒலிக்குமுன் வடம் வெந்துபோமாயின் அதனால் ஆவதொன்றில்லை. செப்பு உறையினுள் மகனீசியம் ஒட்சைட்டுத் தூள் செறித்த வடம் இவ்வகையிற் சிறந்தது. அதில் எரிதற்குரிய பொருளே இல்லை. மைக்கா நாடா சுற்றியவையும், எரிந்தபின் சாம்பலே காவலியாக நிற்கும் சிலிக்கன் இறப்பர் வடங்களும் வழக்கிலுள்ளன. பிரித்தானிய நியமம் இவற்றை இருதரமாக்கி, ஒன்றை 30 நிமிடமும் மற்றையதை 120 நிமிடமும் சுடரிற் சோதிக்கின்றது. மக்களைக் கட்டங்கட்டமாக வெளியேற்றும் உயர்ந்த மாடங்களுக்குரியது பின்னையதே. உணரிகளைத் தொடுக்கும் வடத்தை வளையமாக இட்டு, செல்வழியும் மீள்வழியும் வேறாக அமைப்பின், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்தால் எச்சரிக்கை வந்து சேரும்.

வடத்தைத் தாங்கும் பிடியும் வடத்தோடொத்த வலிமையுடையதாதல் வேண்டும். 2005ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டீவனேச் நகரத்திலும், 2010ஆம் ஆண்டு சௌதாம்ரன் நகரத்திலும் அடுக்குமாடித் தீக்களில் தீயணைப்பு வீரர் இவ்விருவர் உயிரிழந்தனர். பிளாத்திக்குத் தாங்கிகள் உருகியதால் வீழ்ந்த வடங்கள் அவர்தம் வழியிற் சிக்கலாயின என விசாரணைகள் காட்டின. அந்நாட்டு மின் விதிகள் 2015இல் வெளியேறும் வழிகளிலும், 2018இல் கட்டடம் முழுவதிலும், தீயில் விரைந்து வீழாத தாங்கிகளை வேண்டின. ஒருசில உலோகப் பிடிகளின் விலை எத்துணை சிறிது என்பதை எண்ணுதல் தகும்.

எனவே, தெரிவின் ஒழுங்கு பின்வருமாறு அமையலாம். அறைகளுக்குத் தூய செம்பு, கட்டடங்களுக்கிடையே நார், இடத்துக்கேற்ற உறை, எச்சரிக்கைக்குத் தீத்தாங்கும் வடமும் உலோகப் பிடியும், துவாரமெங்கும் உரிய அடைப்பு. இவற்றைச் சுவர் பூசி மூடுமுன் ஒருமுறை கண்ணாற் பார்த்துச் சோதித்தல் நன்று. பூசியபின் காண்பது அரிது. தீ மூண்டபின் காண்பதனாற் பயனில்லை.