27 பைட் மரக்காணம்

மரக்காணம் என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம் குறியீட்டில் 7 பைட் போதும்: ம, ர, க், க, துணைக்கால், ண, ம். இன்றைய யூனிகோடில் புள்ளி தனியாக நிற்பதால் அதே பெயர் 9 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 27 பைட். ‘உப்பு’ என்ற சொல் 3 பைட்டிலிருந்து 15 பைட்டாகிறது. ஐந்து மடங்கு. பழைய தரவுக் கோப்பைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். பெயர்கள் கெட்டுப்போன பிறகே இதைப் போடுகிறவர்கள் அதிகம்.

கழுவேலி நீர் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிற ஊர் மரக்காணம். அங்குள்ள உப்பளத்து வேலையே எண்களால் நடப்பது. அடர்த்தி அளவில் கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் வற்றி 25 டிகிரிக்கு வந்தால் உப்பு படியும். 29, 30 தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும், அதற்குள் கழிவு நீரை வெளியேற்ற வேண்டும். எந்தப் பாத்தி, எத்தனை டிகிரி, யார் வாரினார், எத்தனை மூட்டை, என்ன கூலி என்று நாளுக்கு நாள் எழுதியாக வேண்டும். தொண்ணூறுகளில் இப்படிப்பட்ட சிறு கணக்குகள் நாடெங்கும் கணினிக்கு ஏறியபோது அவற்றைத் தாங்கியவை டிபேஸ், பாக்ஸ்பிரோ என்ற தரவுத்தள மென்பொருள்கள்.

மாதிரிக்கு ஓர் அளத்தின் டிபேஸ் கோப்பை வைத்துக்கொள்வோம். தேதிக்கு 8 பைட், பாத்தி எண்ணுக்கு 6, பெயருக்கு 25, டிகிரிக்கு 4, மூட்டைக்கு 5, எடைக்கு 8, கூலிக்கு 8, குறிப்புக்கு 30. கூட்டினால் 94. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 1 பைட் உண்டு, ஆக 95. கோப்பின் தலைப்பகுதி 32 பைட், எட்டுப் புலங்களுக்குத் தலா 32, முடிவுக்குறி 1, மொத்தம் 289. 75 பாத்தி, 200 நாள் என்றால் பருவத்துக்கு 15,000 வரி. கடைசிக் குறியையும் சேர்த்து 14,25,290 பைட். மூன்றரை அங்குல பிளாப்பியில் எழுதக் கிடைக்கும் இடம் 14,57,664. ஒரு பருவம் ஒரு பிளாப்பியில் அடங்கிவிடும், இன்னும் 340 வரிக்கு இடம் மிஞ்சும்.

வரிக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை பைட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அதில் 32 இருந்தால் வெற்றிடம், வரி உயிரோடு இருக்கிறது. 42 இருந்தால் நட்சத்திரக் குறி, வரி நீக்கப்பட்டது. நீக்கிய வரியை டிபேஸ் உடனே அழிப்பதில்லை, குறி மட்டும் போட்டு வைக்கும். அந்தக் குறியைப் பார்க்காமல் இழுக்கும் மாற்று நிரலில், தப்பாக ஏற்றி நீக்கிய மூட்டைகள் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு கூலி விழுந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த பைட்டைத்தான்.

அடுத்தது தமிழ். பெயர்ப் புலத்தைப் பழையபடி 25 பைட்டாகவே விட்டு யூடிஎஃப்-8 எழுத்தைத் திணித்தால் ஊர்ப்பெயரே அடங்காது. எட்டுக் குறிக்கு 24 பைட் போக, மிச்சம் 1 பைட்டில் எதுவும் எழுத முடியாது. திரையில் ‘மரக்காணம’ என்று நிற்கும், புள்ளி போய்விடும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் முளைக்கும். 25 பைட் புலத்துக்கு 50 குறி, அதாவது 150 பைட் கொடுங்கள். 30 பைட் குறிப்புக்கு 180. வரி 369 பைட்டாகும், 15,000 வரிக்கு 55,35,000 பைட். போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுதான். இடத்தில் சிக்கனம் பிடிக்க இன்று எந்தக் காரணமும் இல்லை.

கொம்பு இன்னொரு சிக்கல். பழைய குறியீடுகளில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில். இடம் மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றினால் பெயர்களை அகரவரிசையில் அடுக்கவும் முடியாது, தேடவும் முடியாது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றது. அதில் உயிர்மெய்க்கு ஒரே குறி, ‘உப்பு’ 6 பைட், மரக்காணம் 12. பொதுப் புழக்கத்தில் இருக்கிற மென்பொருள்கள் படிப்பது யூனிகோடையே என்பதால் என் தேர்வு அதுதான்.

எக்செல் வழியாக மாற்றலாம் என்பார்கள். ஐந்து பருவத்துக்கு 75,000 வரி. பழைய எக்செல் தாளில் 65,536 வரிக்கு மேல் இல்லை. தலைப்பு வரி ஒன்று போக, 9,465 வரி வெளியே நின்றுவிடும். 2007-க்குப் பிந்தைய தாளில் 10,48,576 வரி உண்டு, ஆனால் அங்கும் பாத்தி எண் 007 வெறும் 7 ஆகிவிடும். ஆக்சஸ் 97 கோப்பை ஆக்சஸ் 2013 திறக்காது, 2010 பதிப்பில் ஒருமுறை ஏற்றி இறக்க வேண்டும். விஷுவல் பாக்ஸ்பிரோவுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. இடைப்பட்ட பதிப்பு நிறுவிய கணினி ஒன்று கைவசம் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். டிபேஸ் கோப்பை மட்டும் லிப்ரே ஆபிஸ் இன்றும் காசில்லாமல் திறக்கிறது.

இனி செலவு. மாற்றாமல் மறுபடி தட்டச்சு செய்தால், புலங்கள் நிரம்பியிருக்கும் பட்சத்தில் பருவத்துக்கு 14,10,000 எழுத்து. அரசுத் தேர்வுகளில் கேட்கிற வேகம் மணிக்கு 8,000 தட்டல். அந்தக் கணக்கில் 176 மணி நேரம், எட்டு மணி வேலைநாளாக 22 நாள். ஐந்து பருவத்துக்கு 110 நாள். நாளுக்கு 600 ரூபாய் என்று போட்டால் 66,000 ரூபாய், தட்டச்சுப் பிழைகள் தனி. மாற்று நிரல் ஓட நிமிடங்கள் போதும். செலவு சரிபார்ப்பில் இருக்கிறது: நூற்றுக்கு ஒரு வரி, பருவத்துக்கு 150. வரிக்கு 2 நிமிடம், 5 மணி நேரம். இந்த 5 மணியை மிச்சம் பிடிக்கவே கூடாது.

சரிபார்க்க உப்பே உதவும். வாரிய பாத்தியில் டிகிரி 25-க்கும் 30-க்கும் இடையில் இல்லாத வரிகளைத் தனியே எடுங்கள், புலம் நகர்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். 1953 உப்புத் தீர்வைச் சட்டத்தில் 40 கிலோவுக்கு 14 காசு என்று இருந்தது, டன்னுக்கு 3 ரூபாய் 50 காசு. அந்த விகிதத்தில் கட்டிய ரசீதுத் தொகையை 3.50-ஆல் வகுத்தால் டன் வரும். கோப்பின் எடைக் கூட்டு அதோடு ஒத்துப்போக வேண்டும். தேதிப் புலத்தில் 1902 என்று கண்டால் பயப்பட வேண்டாம். ஆண்டை இரண்டு இலக்கமாகத் தட்டியதால் பழைய பாக்ஸ்பிரோ முன்னால் 19 சேர்த்திருக்கும், அது 2002.

குறிப்புப் புலம் மட்டும் எந்தக் கூட்டலுக்கும் பிடிபடாது. 30 பைட்டுக்குள் அடக்க எல்லாரும் சுருக்கித்தான் எழுதினார்கள். ஒற்றை ‘ம’ என்றால் மழையா, மராமத்தா, மறுவாரலா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அப்படி ஒரு மழை பருவத்தை எத்தனை நாள் தள்ளும் என்று பழைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டுமானால், அந்த ‘ம’வுக்குப் பொருள் தெரிந்தாக வேண்டும். கணக்கு எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுருக்கெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அவர் சொல்வதைத் தனி அட்டவணையாக ஏற்றிக்கொள்ளுங்கள். இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள், கோப்பைத் தொடுவதற்கு முன்பே.