ரொக்கத்துக்கு மட்டும்

கூட்டுறவின் வரலாற்றைச் சொல்லுவோர், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 டிசம்பர் 21ஆம் நாள் திறந்த சிறு கடையிலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் சற்று முன்னே செல்ல விரும்புகிறோம். 1833இல் அதே ஊரில், அதே டோட் லேன் தெருவில், தொழிலாளர் ஒரு பண்டகசாலை நடத்தினர். அங்கத்தினருக்குக் கடனுக்குச் சரக்களித்தனர், கடன் திரும்பவில்லை, 1835இல் கதவை மூடினர்.

அத்தோல்வியைக் கண்டவர் சிலர் மறுமுறையும் கூடினர். பிளானல் நெசவுக்குக் கூலி குன்றியிருந்த காலம் அது. வாரம் இரண்டு பென்ஸாகச் சேர்த்து, 28 பேர் 28 பவுன் திரட்டினர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள்; முதல்நாட் சரக்கு இவ்வளவே.

ஆனால் இம்முறை கடன் இல்லை என்பது விதி. தறி ஓய்ந்த வாரத்தில் கடையில் பற்று வைக்காமல் உலை ஏறாது என்பதை நம் அங்கத்தினருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவ்விதியை விதித்தவரும் அத்தகைய ஏழைகளே. தமக்குத் தாமே கடனை மறுத்துக்கொண்டனர். இதனையே நாம் துணிவென்போம், கடை திறந்ததையன்று. விலையையும் அவர்கள் குறைக்கவில்லை. கடைத்தெரு விலைக்கே விற்று, மிச்சத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பித் தந்தனர். அதனைக் கையில் வாங்காது சங்கத்திலேயே விட்டுவைத்தவருக்கு, சோறுண்ட செலவிலிருந்தே முதல் வளர்ந்தது.

1848இல் அங்கத்தினர் 140 பேர். மறு ஆண்டு ராச்டேல் சேமிப்பு வங்கி முறிந்தது. சேமிப்பை இழந்து திகைத்த ஊரார் டோட் லேன் கடையை நாடினர். அவ்வாண்டில் அங்கத்தினர் தொகை 390 ஆயிற்று.